குறைவாகப் பேசி ஒருமிப்பது எப்படி: பல்முகவர் அமைப்புகளில் நிகழ்வுத் தூண்டல் கட்டுப்பாடு

தலைவரும் மையக் கணினியும் இல்லாமல், பல எந்திரங்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறியே ஒரே எண்ணுக்கு வந்து சேர்வதைக் கட்டுப்பாட்டுப் பொறியியலில் ஒருமிப்பு என்பார்கள். அந்த எண் எதுவாகவும் இருக்கலாம். ட்ரோன்கள் பறக்க வேண்டிய உயரம், நெடுஞ்சாலையில் வரிசையாகச் செல்லும் லாரிகளின் வேகம், வயலெங்கும் நட்டுவைத்த உணரிகளின் கடிகார நேரம், சிறு மின்கட்டமைப்பில் இணைந்த இன்வெர்ட்டர்களின் அதிர்வெண் என்று பட்டியல் நீளும். இந்த எந்திரம் ஒவ்வொன்றும் ஒரு முகவர். சேர்ந்த கூட்டம் பல்முகவர் அமைப்பு. முகவருக்குத் தன் மதிப்பு தெரியும், அண்டையிலுள்ள சில முகவர்களின் மதிப்பு தெரியும். கூட்டம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க எதனாலும் முடியாது.

இவ்வளவு குறைந்த தகவலை வைத்து ஒருமிப்பை எட்டும் விதி வியப்பூட்டும் அளவுக்கு எளியது. அண்டை முகவர் ஒவ்வொன்றின் மதிப்பிலிருந்தும் தன் மதிப்பைக் கழித்து, கிடைக்கும் வித்தியாசங்களைக் கூட்டி, அந்தத் தொகைக்கு ஏற்ற வேகத்தில் நகர வேண்டும். மூன்று ட்ரோன்கள் 20, 26, 38 மீட்டர் உயரங்களில் பறப்பதாகக் கொள்வோம். முதல் ட்ரோனும் இரண்டாவதும் பேசிக்கொள்ளும். இரண்டாவதும் மூன்றாவதும் பேசிக்கொள்ளும். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. வித்தியாசத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் வினாடிக்கு 0.1 மீட்டர் வேகம் என்பது விதி. முதல் ட்ரோன் 6 மீட்டர் மேலே உள்ள நடு ட்ரோனை நோக்கி வினாடிக்கு 0.6 மீட்டர் ஏறும். நடு ட்ரோனைக் கீழ்ப்பக்கம் 6 மீட்டரும் மேற்பக்கம் 12 மீட்டரும் இழுப்பதால், மிச்சமுள்ள 6 மீட்டருக்கு அதுவும் 0.6 மீட்டர் வேகத்தில் ஏறும். மூன்றாவது 1.2 மீட்டர் வேகத்தில் இறங்கும். மூன்று வேகங்களின் கூட்டல் சுழியம். எனவே சராசரி உயரமான 28 மீட்டர் எந்தக் கணத்திலும் மாறுவதில்லை. ட்ரோன்கள் அதை நோக்கியே குவிகின்றன. 30 வினாடி கழிந்ததும் அவை 27.55, 28, 28.45 மீட்டரில் இருக்கும். 28 என்ற எண்ணை எந்த ட்ரோனும் கணக்கிடவில்லை. எதற்கும் அது முன்கூட்டித் தெரியவும் இல்லை.

இந்தக் கணிதம் பொறியியலுக்கு வெளியே பிறந்தது. அமெரிக்கப் புள்ளியியலாளர் மோரிஸ் டிகுரூட் 1974இல் ஒரு நிபுணர் குழுவை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் மற்றவர்களின் மதிப்பீட்டுக்கு ஓர் எடை கொடுத்துத் தம் மதிப்பீட்டைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டே போனால் எப்போது எல்லோரும் ஒரே முடிவுக்கு வருவார்கள் என்று ஆராய்ந்தார். 1995இல் ஹங்கேரிய இயற்பியலாளர் தாமாஷ் விச்செக்கும் உடன் ஆய்வாளர்களும், அருகிலுள்ளவற்றின் சராசரித் திசையை ஏற்று நகரும் துகள்கள், இரைச்சல் குறைவாக இருந்தால் மந்தையாகச் சேர்ந்து ஒரே பக்கம் திரும்புவதைக் கணினியில் காட்டினார்கள். அது ஏன் நிகழ்கிறது என்பதற்கான நிறுவல் 2003இல் அலி ஜத்பாபாய், ஜீ லின், ஸ்டீபன் மோர்ஸ் மூவரிடமிருந்து வந்தது. எல்லா முகவர்களும் எல்லா நேரமும் தொடர்பில் இருக்க வேண்டியதில்லை. சிறிது கால இடைவெளிக்குள் ஏற்பட்ட தொடர்புகளையெல்லாம் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் கூட்டம் துண்டுபடாமல் இருக்க வேண்டும், அது போதும் என்று அவர்கள் காட்டினார்கள். அடுத்த ஆண்டே ரெசா ஒல்ஃபாத்தி-சாபெரும் ரிச்சர்டு முர்ரேயும் இந்தத் துறைக்குப் பொதுவான கணித மொழியை அமைத்துத் தந்தார்கள்.

அந்த மொழியின் மையத்தில் கோட்டுரு இருக்கிறது. முகவர்கள் புள்ளிகள், பேசிக்கொள்ளும் இரண்டு முகவர்களுக்கு இடையே ஒரு கோடு. கோட்டுருவிலிருந்து லாப்லாசியன் எனும் அணியை எழுதி, அதன் ஐகன் மதிப்புகளை ஏறுவரிசையில் வைத்தால் முதலாவது எப்போதும் சுழியம். இரண்டாவதில்தான் செய்தி இருக்கிறது. கூட்டம் துண்டுபட்டிருந்தால் அதுவும் சுழியம். துண்டுபடாவிட்டால் அது எவ்வளவு பெரிதோ அவ்வளவு விரைவில் ஒருமிப்பு கைகூடும். செக் கணிதவியலாளர் மிரோஸ்லாவ் ஃபீட்லர் 1973இல் இதை இயற்கணித இணைப்பளவு என்று பெயரிட்டு ஆராய்ந்தார். 100 முகவர்களை ஒரே நேர்கோட்டில் சங்கிலியாகக் கோத்தால் இந்த எண் ஏறத்தாழ 0.001. அதே 100 முகவர்களும் எல்லாவற்றோடும் பேசும்படி இணைத்தால் அது 100. இணைப்பு முறையை மாற்றியதால் மட்டுமே வேகம் ஒரு லட்சம் மடங்கு கூடுகிறது. மறுமுனையில் உள்ள மிகப் பெரிய ஐகன் மதிப்பு, செய்தி எவ்வளவு தாமதமாக வந்தால் தாங்கலாம் என்பதைச் சொல்லும். மேற்கண்ட மூன்று ட்ரோன்களுக்கு அந்தத் தாமதம் சுமார் 5.2 வினாடி வரை போகலாம்; அதைத் தாண்டினால் அவை குவியாமல் மேலும் கீழும் ஊசலாடி விலகிப்போகும்.

இத்தனை அழகான கோட்பாட்டின் அடியில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு முகவரும் அண்டையின் மதிப்பை இடைவிடாமல் அறிந்துகொண்டே இருக்கிறது என்பதே அது. நடப்பில் எந்த ரேடியோவும் இடைவிடாமல் பேச முடியாது. அலைவரிசை பொதுச் சொத்து. ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். மின்கலத்தில் ஓடும் கருவிக்குப் பேச்சு பெருஞ்செலவு. கிரிகரி போட்டியும் வில்லியம் கைசரும் 2000இல் தந்த ஒரு கணக்கு பலராலும் எடுத்தாளப்பட்டது: 1 கிலோபிட் செய்தியை 100 மீட்டர் தூரம் அனுப்பும் ஆற்றலில், அக்காலத்துச் சிக்கனமான செயலி ஒன்று ஏறத்தாழ 30 லட்சம் கட்டளைகளை நிறைவேற்றிவிடும். சில்லுகளும் ரேடியோக்களும் அதன்பின் வெகுவாக மாறிவிட்டன. ஆனாலும் கணக்கிடுவது மலிவு, பேசுவது விலை அதிகம் என்ற உறவு மாறவில்லை. ஒரு செய்தியை அனுப்பலாமா வேண்டாமா என்று ஆயிரம் முறை யோசித்தாலும் நட்டமில்லை.

பொறியாளர்களின் வழக்கமான தீர்வு கடிகாரம். வினாடிக்கு பத்து முறையோ நூறு முறையோ மணி அடித்தாற்போல் அளந்து அனுப்புவது. இதைக் கணிதத்தில் கையாள்வது எளிது, நிரலில் எழுதுவதும் எளிது. ஆனால் மணியின் வேகத்தை மிக மோசமான நிலைமைக்கு ஏற்றபடி வைக்க வேண்டும். அந்த நிலைமை எப்போதாவது வருவது. மீதி நேரமெல்லாம் முகவர்கள் சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்.

நிகழ்வுத் தூண்டல் கட்டுப்பாடு கடிகாரத்தின் இடத்தில் ஒரு நிபந்தனையை வைக்கிறது. முகவர் தன் உண்மை மதிப்பை இடையறாது கவனிக்கிறது. கடைசியாக அறிவித்த மதிப்பிலிருந்து அது எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்கிறது. விலகல் ஒரு வரம்பைத் தொட்டால்தான் புதிய மதிப்பை அறிவிக்கிறது. வரம்பைத் தொடும் அந்தக் கணமே நிகழ்வு. இந்த எண்ணத்தைக் கணக்காக்கிக் காட்டியவர்களில் முக்கியமானவர்கள் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் யோஹான் ஆஸ்ட்ரோமும் போ பெர்ன்ஹார்ட்சனும். 1999இல் அவர்கள் எடுத்துக்கொண்ட அமைப்பு மிக எளியது: இரைச்சலால் தள்ளாடும் ஒரே ஒரு மாறி, அதை அவ்வப்போது சுழியத்துக்கு மீட்டுவைக்கும் ஒரு கட்டுப்படுத்தி. இரண்டு முறைகளுக்கும் சராசரியாக ஒரே எண்ணிக்கையில் தலையீட்டை அனுமதித்தால், கடிகார முறையில் வரும் விலகல்-வர்க்கத்தின் சராசரியில் மூன்றில் ஒரு பங்குதான் நிகழ்வு முறையில் வந்தது. செலவு சமம், பலன் மூன்று மடங்கு. 2007இல் பாவ்லோ தபுவாதா, நிலையான ஒரு கட்டுப்பாட்டு அமைப்பை நிகழ்வு முறைக்கு மாற்றினாலும் நிலைத்தன்மை குலையாதிருக்க வரம்பை எப்படி வகுப்பது என்று பொதுப்படையாகக் காட்டினார். 1892இல் ரஷ்யக் கணிதவியலாளர் அலெக்சாந்தர் லியாபுனோவ் தந்த ஆற்றல் போன்ற சார்பு குறைந்துகொண்டே வருகிறதா என்பதுதான் அங்கும் அளவுகோல். அந்தச் சார்பு குறையும் வரை பழைய தகவல் போதும். குறைவது நின்றுபோகும் அபாயம் வரும்போது புதிய தகவல் வேண்டும்.

ஒரே கட்டுப்படுத்தி இருக்கும் இடத்திலிருந்து பல முகவர்களின் ஒருமிப்புக்கு இதைக் கொண்டுவரும்போது ஒரு நுட்பம் தேவைப்படுகிறது. அண்டையின் கடைசி அறிவிப்பைத்தான் முகவர் வைத்திருக்கிறது. தன் மதிப்போ அதற்குத் துல்லியமாகத் தெரியும். இயல்பாக யாரும் தன் துல்லிய மதிப்பையே கணக்கில் எடுப்பார்கள். அப்படிச் செய்தால் சராசரி நழுவிவிடும். எனவே முகவர் தன் உண்மை மதிப்பை ஒதுக்கிவைத்து, தானே கடைசியாக அறிவித்த மதிப்பைக் கொண்டு வேகத்தைக் கணக்கிட வேண்டும். அப்போது ஒவ்வொரு கோட்டின் இரு முனைகளிலும் ஒரே இரண்டு எண்கள்தான் இருக்கும். ஒருமுனை ஏறும் அளவு மறுமுனை இறங்கும்.

இதே மூன்று ட்ரோன்களுக்கு 3 மீட்டர் வரம்பு வைத்துப் பார்க்கலாம். தொடக்கத்தில் மூன்றும் 20, 26, 38 என்று அறிவிக்கின்றன, வேகங்கள் முன்போலவே. வேகமாக இறங்கும் மூன்றாவது ட்ரோன் 2.5 வினாடியில் 3 மீட்டர் விலகி, 35 என்று அறிவிக்கிறது. உடனே நடு ட்ரோனின் வேகம் 0.6இலிருந்து 0.3 ஆகிறது, மூன்றாவதன் இறக்கம் 0.9 ஆகிறது, முதல் ட்ரோனுக்கு இந்தச் செய்தி எட்டவே இல்லை, அது 0.6 மீட்டரிலேயே ஏறுகிறது. 0.6, 0.3, −0.9, கூட்டல் மறுபடி சுழியம். 5ஆம் வினாடியில் முதல் ட்ரோன் 23 என்று அறிவிக்கிறது. 5.83ஆம் வினாடியில் மூன்றாவது மீண்டும் வாய் திறந்து 32 என்கிறது. இதற்குள் முதல் ட்ரோன் 23.25, நடு ட்ரோன் 28.75 மீட்டருக்கு வந்துவிட்டன. தொடக்க அறிவிப்புகளுக்குப் பின் ஏறத்தாழ ஆறு வினாடியில் மொத்தம் மூன்று செய்திகள். நடு ட்ரோன் ஒரு முறைகூடப் பேசவில்லை. பேசாமலே அது அண்டைகளுக்கு ஒன்றைத் தெரிவித்திருக்கிறது: அதன் உயரம் 23க்கும் 29க்கும் இடையில்தான் இருக்கிறது. வரம்பு எல்லா முகவர்களுக்கும் தெரிந்த கூட்டத்தில் மௌனத்துக்கும் பொருள் உண்டு. இந்த முறையின் பலமும் பலவீனமும் இங்கேயே தொடங்குகின்றன.

வரம்பை நிலையாக 3 மீட்டர் என்றே வைத்திருந்தால் ட்ரோன்கள் 28 மீட்டரை நெருங்கி, அங்கே சரியாக நிலைகொள்ளாமல் சில மீட்டர் இடைவெளிக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கலாம். வரம்புக்குள் அடங்கும் வேற்றுமையை அவை அறிய வழியில்லை. துல்லியம் வேண்டுமானால் ஒருமிப்பு நெருங்க நெருங்க வரம்பும் சுருங்க வேண்டும். எதைப் பார்த்துச் சுருக்குவது என்ற கேள்விக்குத்தான் கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளின் ஆய்வில் பெரும்பகுதி செலவாகியிருக்கிறது.

திமோஸ் திமரோகோனாஸ், எமிலியோ ஃபிராஸ்ஸோலி, கார்ல் ஹென்ரிக் யோஹான்சன் மூவரும் 2012இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு முதன்மையான விடையைத் தந்தது. அண்டைகளோடு உள்ள வேற்றுமை பெரிதாக இருக்கும்போது வரம்பு பெரிதாகவும், வேற்றுமை குறையும்போது வரம்பு சிறிதாகவும் இருக்கட்டும் என்பது அவர்களின் வழி. லியாபுனோவ் சார்பு தொடர்ந்து குறைவதற்கு இது நேரடியாக உத்தரவாதம் தருகிறது. ஆனால் அண்டையோடு உள்ள வேற்றுமையை அறிய அண்டையின் இப்போதைய மதிப்பு தெரிய வேண்டும். பேசலாமா என்று முடிவெடுக்கவே மற்றவற்றை இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய நிலை. கேமராவாலோ லிடாராலோ அண்டையை நேரில் பார்க்கும் எந்திரங்களுக்கு இது குறையல்ல. ரேடியோ மட்டுமே உள்ளவற்றுக்கு இது மிச்சப்படுத்த வந்த செலவையே திரும்பக் கொண்டுவருகிறது.

அதைவிட ஆழமான இடரும் உண்டு. 20, 29, 38 மீட்டரில் மூன்று ட்ரோன்கள் இருக்கின்றன என்று கொள்க. நடு ட்ரோன் இரண்டு அண்டைகளுக்கும் சரிபாதியில் இருப்பதால் அதைப் பொறுத்தவரை வேற்றுமைகளின் கூட்டல் சுழியம். அதன் வரம்பும் சுழியம். கூட்டத்தில் மேலுக்கும் கீழுக்கும் 18 மீட்டர் இடைவெளி இருந்தும், நடு ட்ரோன் கடுகளவு விலகலுக்கும் அறிவிப்பு செய்ய வேண்டியதாகிறது. அறிவிப்புகளுக்கு இடையிலான நேரம் பாதியாகி, அதில் பாதியாகிக் குறைந்துகொண்டே போய், முடிவுள்ள ஒரு காலத்துக்குள் முடிவிலி எண்ணிக்கையில் அறிவிப்புகள் நிகழ்ந்துவிடும் ஆபத்து இது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் தென் இத்தாலியின் எலியா நகரில் வாழ்ந்த கிரேக்கச் சிந்தனையாளர் ஜீனோ, ஆமையைத் துரத்தும் அக்கிலீஸ் முதலில் ஆமை இருந்த இடத்தையும், பிறகு அதற்குள் அது நகர்ந்த இடத்தையும் என்று எண்ணற்ற இடங்களைக் கடக்க வேண்டும் என வாதிட்டார். அவர் பெயராலேயே இந்தக் கோளாறு ஜீனோ நடத்தை எனப்படுகிறது. காகிதத்தில் நிலைத்தன்மை நிறுவப்பட்டிருந்தாலும், ஜீனோ நடத்தை இல்லை என்று நிறுவப்படாத விதியை எந்தச் செயலியாலும் நிறைவேற்ற முடியாது. 2012ஆம் ஆண்டுக் கட்டுரையின் விதி, எந்தக் கணத்திலும் குறைந்தது ஒரு முகவருக்காவது இந்தக் கோளாறு வராது என்ற அளவுக்கே உறுதி தந்தது. மற்ற முகவர்களின் கதி திறந்தே இருந்தது. இத்துறையில் பின்னால் வந்த கட்டுரைகளைப் படிப்பவர்கள் முதலில் தேட வேண்டிய பகுதி இந்த ஜீனோ நிறுவல்தான்.

ஜார்ஜ் சைபோத், திமரோகோனாஸ், யோஹான்சன் மூவரும் 2013இல் வேறொரு வழியைத் தந்தார்கள். வரம்பு அண்டையைச் சார்ந்திருக்க வேண்டாம், நேரத்தைச் சார்ந்திருக்கட்டும். தொடக்கத்தில் பெரிதாக இருந்து அடுக்குக்குறி முறையில் தேய்ந்துகொண்டே வரும் வரம்பு அது. ட்ரோன்களுக்கு 3 மீட்டரில் தொடங்கி வினாடிக்கு சுமார் 5 விழுக்காடு வீதம் தேய்ந்தால், 30ஆம் வினாடியில் வரம்பு 0.67 மீட்டர், 60ஆம் வினாடியில் 15 சென்டிமீட்டர். முகவர் தன் மதிப்பையும் கடிகாரத்தையும் பார்த்தால் போதும். அண்டையைக் கவனிக்க வேண்டாம். நிபந்தனை ஒன்றுதான்: கூட்டம் ஒருமிக்கும் வேகத்தைவிட வரம்பு மெதுவாகத் தேய வேண்டும். முந்திக்கொண்டு தேய்ந்தால் விலகல்களுக்கு இடம் போதாமல் அறிவிப்புகள் நெருக்கியடிக்கும். ஒருமிக்கும் அந்த வேகமோ ஃபீட்லரின் இரண்டாவது ஐகன் மதிப்பு. அது முழுக் கோட்டுருவின் பண்பு, தனி முகவருக்குத் தெரியாதது. வடிவமைப்பாளர் முன்கூட்டி அறிந்து ஊட்டினால் இந்த விதி மிகச் சிறப்பாக வேலை செய்யும். முகவர்கள் வருவதும் போவதுமான கூட்டத்தில் அதை ஊட்டுவது கடினம். எல்லாம் அடங்கிய பிறகு திடீரெனக் காற்றடித்து ஒரு ட்ரோன் 10 மீட்டர் தூக்கப்பட்டால், சுருங்கிப்போன வரம்பு அந்த நேரத்தில் அறிவிப்புகளைக் கொட்டவும் செய்யும்.

2015இல் அன்டுவான் ஜிரார் அறிமுகப்படுத்திய இயங்கு தூண்டல் இந்த வரம்புச் சிக்கலை வேறு கோணத்தில் தீர்க்கிறது. முகவருக்குள் கூடுதலாக ஒரு மாறி வைக்கப்படுகிறது. விலகல் வரம்புக்குக் கீழே இருக்கும் நேரமெல்லாம் மிச்சமான இடம் அந்த மாறியில் சேர்கிறது. விலகல் வரம்பைச் சிறிது தாண்டும்போது சேர்த்ததிலிருந்து ஈடுசெய்து, அறிவிப்பு தள்ளிப்போடப்படுகிறது. செலவு குறைந்த நாளில் உண்டியலில் போட்டுவைத்துச் செலவு கூடிய நாளில் எடுத்துக்கொள்வது போன்றது. ஒவ்வொரு கணமும் லியாபுனோவ் சார்பு குறைந்தாக வேண்டும் என்ற கண்டிப்பு தளர்ந்து, மொத்தத்தில் குறைந்தால் போதும் என்றாகிறது. அறிவிப்புகளுக்கு இடையிலான நேரம் இதனால் நீள்கிறது. பல்முகவர் ஒருமிப்புக்கு இந்த உத்தி விரைவிலேயே விரிவாக்கப்பட்டது. வரம்பு சுழியமாகிவிடும் சிக்கலை அது இயல்பாகவே சமாளிப்பதால் இன்றுள்ள விதிகளில் இதுவே மிகவும் பக்குவமானது என்று சொல்லலாம்.

நடைமுறைக் கருவி செய்பவர்கள் ஜீனோவுக்கு இவ்வளவு கணிதம் தேடுவதில்லை. நிபந்தனையை இடைவிடாமல் சோதிக்காமல், குறித்த இடைவெளிகளில் மட்டும் சோதித்தால் அறிவிப்புகள் அந்த இடைவெளியைவிட நெருங்க முடியாது. டிஜிட்டல் செயலி எப்படியும் துடிப்புக் கணக்கில்தான் ஓடுகிறது. ஆகவே இது விட்டுக்கொடுப்பு என்பதைவிட உள்ளதை ஒப்புக்கொள்வது. ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தரநிலை நிறுவனமான எட்சி, வாகனங்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் கூட்டு விழிப்புச் செய்திக்கு வகுத்த விதி இதற்கு நல்ல சான்று. கடைசிச் செய்திக்குப் பின் வாகனத்தின் திசை 4 பாகைக்கு மேல் திரும்பினாலோ, இடம் 4 மீட்டருக்கு மேல் மாறினாலோ, வேகம் வினாடிக்கு 0.5 மீட்டருக்கு மேல் மாறினாலோ புதிய செய்தி போக வேண்டும். இரண்டு செய்திகளுக்கு இடையே குறைந்தது 0.1 வினாடி இடைவெளி; எதுவும் மாறாவிட்டாலும் 1 வினாடிக்கு மேல் மௌனம் கூடாது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் வினாடிக்கு 20 மீட்டர் கடப்பதால் வினாடிக்கு ஐந்து செய்திகள் அனுப்பும்; சிக்னலில் நிற்கும் கார் ஒன்றே ஒன்று.

இந்த விதியில் ஒரு விரயம் கண்ணுக்குத் தெரிகிறது. நேர்ச்சாலையில் ஒரே வேகத்தில் போகும் காரின் அடுத்த இருப்பிடத்தை எவரும் கணித்துவிடலாம். அதற்காக வினாடிக்கு ஐந்து முறை பேசத் தேவையில்லை. மாற்றத்தை அளப்பதற்குப் பதில், மற்றவை கணித்திருக்கும் மதிப்பிலிருந்து தான் எவ்வளவு விலகியிருக்கிறோம் என்று அளப்பது மேல். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்பா 1980களில் உருவாக்கிய சிம்நெட் என்ற போர்ப்பயிற்சி வலையமைப்பு இதைத்தான் செய்தது. ஒவ்வொரு டாங்கிப் பாவனைக் கருவியும் மற்ற டாங்கிகளின் கடைசி இடத்தையும் வேகத்தையும் வைத்து அவற்றின் நகர்வைத் தானே கணித்துக்கொள்ளும். தன்னைப் பற்றி மற்றவை போடும் அதே கணக்கைத் தானும் போட்டுப்பார்க்கும். உண்மையும் கணிப்பும் வரம்புக்கு மேல் பிரிந்தால்தான் செய்தி அனுப்பும். ஒருமிப்பு ஆய்வில் மாதிரி சார்ந்த தூண்டல் என்று வழங்கும் முறையின் சாரம் இதுவே.

எட்சி விதியில் உள்ள 1 வினாடி உச்சவரம்பு மிக முக்கியமான ஒன்றைக் காக்கிறது. மாறாததால் பேசாத முகவரும் பழுதானதால் பேசாத முகவரும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். கடிகார முறையில் எதிர்பார்த்த நேரத்தில் செய்தி வராவிட்டால் ஏதோ கோளாறு என்று உடனே புரிந்துவிடும். நிகழ்வு முறையில் அந்த எச்சரிக்கை கிடையாது. அனுப்பிய செய்தி வழியில் தொலைந்துபோனால் நிலைமை இன்னும் மோசம். ட்ரோன் கணக்கில், மூன்றாவது அனுப்பிய 35 என்ற செய்தி நடு ட்ரோனுக்குப் போய்ச் சேரவில்லை என்று வைத்துக்கொண்டால், நடு ட்ரோன் 38 என்றே நம்பி 0.6 மீட்டர் வேகத்தில் ஏறும். மூன்றாவதோ 0.9 மீட்டர் வேகத்தில்தான் இறங்கும். முதல் ட்ரோன் 0.6. கூட்டல் 0.3, அதாவது கூட்டத்தின் சராசரி வினாடிக்கு 10 சென்டிமீட்டர் வீதம் மேலே நழுவத் தொடங்கும். பின்னால் அறிவிப்புகள் சரியாகப் போய்ச்சேர்ந்து ட்ரோன்கள் ஒருமித்தாலும், அது 28 மீட்டரில் இருக்காது. தவறான ஓர் உயரத்தில் முழு ஒற்றுமையோடு பறக்கும். கடிகார முறையிலும் செய்தி தொலைவதுண்டு. ஆனால் அடுத்த செய்தி சீக்கிரமே வந்து தவறைச் சிறிதாக்கும். அறிவிப்புகள் அரிதாக இருக்கும்போது ஒவ்வொன்றின் இழப்பும் கனக்கிறது. அதனால் ஏற்பறிவிப்பு கேட்பது, வரிசை எண் இடுவது, அதிகபட்ச மௌனம் விதிப்பது போன்ற ஏற்பாடுகள் இல்லாமல் இந்த முறையைக் களத்தில் இறக்குவது பொறுப்பல்ல. வேண்டுமென்றே அலைவரிசையை அடைக்கும் தாக்குதல்களும் இந்த மௌனத்தின் மறைவில் வசதியாக ஒளிந்துகொள்ளும்.

மின்சேமிப்புக் கணக்கிலும் பலர் கவனிக்கத் தவறும் ஒரு வரி உண்டு. கம்பியில்லா உணரிகளில் நீண்டகாலம் பரவலாகப் பயன்பட்ட சிசி2420 என்ற ரேடியோ சில்லு, முழுத் திறனில் அனுப்பும்போது 17.4 மில்லியாம்பியர் எடுக்கும், கேட்கும்போது 18.8 மில்லியாம்பியர். கேட்பது பேசுவதைவிடச் செலவு. அண்டை எப்போது பேசும் என்று தெரியாத முகவர் காதைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். அப்படியானால் அனுப்பிய செய்திகள் பத்தில் ஒன்றாகக் குறைந்தாலும் மின்கலம் ஏறக்குறைய அதே வேகத்தில் தீரும். அலைவரிசை நெரிசல் குறைவது உண்மையான ஆதாயம்; மின்சாரம் மிச்சமாவது தானாக வருவதல்ல. சுயத்தூண்டல் கட்டுப்பாடு இதற்கான விடைகளில் ஒன்று. அந்த முறையில் முகவர் அறிவிக்கும்போதே, விலகல் வரம்பைத் தொட எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிட்டு அடுத்த அறிவிப்பின் நேரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடும். அதுவரை அண்டைகள் ரேடியோவை அணைத்து உறங்கலாம். சொன்ன நேரத்தில் செய்தி வராவிட்டால் பழுது என்றும் தெரிந்துவிடும். விலையாக, எதிர்பாராத காற்றையும் இரைச்சலையும் முன்கூட்டி ஊகித்து, நேரத்தைக் குறைத்தே சொல்ல வேண்டியிருக்கும்.

நிகழ்வு முறை எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்ற கேள்விக்கு ஆய்வுக் கட்டுரைகளில் தாராளமான எண்கள் கிடைக்கும். அவற்றைப் படிக்கும்போது எதனோடு ஒப்பிட்டார்கள் என்று பார்ப்பது அவசியம். ட்ரோன் கணக்கில் வினாடிக்கு பத்து முறை பேசும் கடிகார முறை 5.8 வினாடியில் 174 செய்திகள் அனுப்பியிருக்கும். நிகழ்வு முறைக்கு மூன்று போதும். ஆனால் அதே மூன்று ட்ரோன்கள் 5 வினாடிக்கு ஒரு முறை பேசினாலும் ஒருமித்துவிடும். கோட்பாட்டின்படி அவற்றுக்கு 6.6 வினாடி இடைவெளிகூடத் தாங்கும். வினாடிக்கு பத்து என்பது தேவையை மீறிய வேகம். அதைத் தோற்கடிப்பது சாதனை ஆகாது. ஆஸ்ட்ரோமும் பெர்ன்ஹார்ட்சனும் 1999இல் செய்தது போல இரண்டு முறைகளுக்கும் ஒரே சராசரி எண்ணிக்கையைக் கொடுத்து, எது கூட்டத்தை நெருக்கமாக வைத்திருக்கிறது என்று பார்ப்பதே நேர்மையான ஒப்பீடு.

அந்த ஒப்பீட்டைப் பல்முகவர் ஒருமிப்புக்குச் செய்தவர்கள் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தின் டேவிட் மைஸ்டர், ஃபிராங்க் ஆல்கோவர் ஆகியோரும், கணிதவியலாளர்கள் ஃபிராங்க் அவுர்சாதா, மிகைல் லிஃப்ஷிட்ஸ் ஆகியோரும். 2022இல் வெளிவந்த அவர்களின் முடிவு இத்துறையில் பலரும் எதிர்பாராதது. இரைச்சலால் தொடர்ந்து தள்ளாடும் ஒரே மாதிரியான எளிய முகவர்கள், சமமான சராசரி அறிவிப்பு எண்ணிக்கை என்ற அமைப்பில், முகவர்களின் எண்ணிக்கை ஓர் அளவைத் தாண்டிவிட்டால் நிகழ்வு முறை கடிகார முறையைவிட மோசமாகிவிடுகிறது என்று அவர்கள் நிறுவினார்கள். தனி அமைப்பில் கிடைத்த மூன்று மடங்கு ஆதாயம் கூட்டத்துக்கு அப்படியே வந்துசேரும் என்ற நம்பிக்கைக்கு இது நேரடியான மறுப்பு.

அவர்களின் முடிவு ஒரு குறிப்பிட்ட அமைப்புக்கும் குறிப்பிட்ட தூண்டல் விதிக்கும் உரியது. எல்லா ஒருமிப்புக்கும் அதை நீட்டக் கூடாது. எல்லா முகவர்களும் எல்லா நேரமும் சம அளவில் உலுக்கப்படும் இடத்தில், எந்தக் கணமும் மற்றதைவிட முக்கியமானதல்ல. தேர்ந்தெடுத்துப் பேசுவதற்கான வாய்ப்பே அங்கே குறைவு. தொடக்கத்தில் பெரிய வேற்றுமையும் அதன்பின் நீண்ட அமைதியும் கொண்ட வேலைகளிலும், இடையூறு எப்போதாவது ஓரிடத்தில் மட்டும் விழும் வேலைகளிலும் நிகழ்வுத் தூண்டலுக்குச் செய்ய நிறைய இருக்கிறது. சிறு மின்கட்டமைப்பு அப்படிப்பட்டது: ஒரு பெரிய மோட்டார் ஓடத் தொடங்கும்போதோ சூரியத் தகடுகள்மேல் மேகம் கவியும்போதோ இன்வெர்ட்டர்கள் அதிர்வெண்ணையும் சுமைப் பங்கீட்டையும் திருத்தச் சில வினாடிகள் அடர்த்தியாகப் பேச வேண்டும், சுமை மாறாத மணிநேரங்களில் உயிருடன் இருப்பதை அறிவிக்கும் அரிதான ஒரு செய்தி போதும். லாரி வரிசையில் முன்வண்டி பிரேக் போடும் கணமும் அத்தகையது. வடிவமைப்பாளர் முதலில் அளக்க வேண்டியது இடையூறுகள் எவ்வளவு அடிக்கடி, எத்தனை முகவர்களை ஒரே நேரத்தில் தாக்குகின்றன என்பதையே. வரம்பின் அளவு, தேயும் வேகம், அதிகபட்ச மௌனம் ஆகிய மூன்றும் அந்த அளவீட்டிலிருந்துதான் வர முடியும்.